நூற்றிருபது உருப்படி

காலை ஏழரை. சாம்பிள் சட்டையை
மூங்கில் கம்பில் மாட்டிக்கொண்டு
குவாங்சோவில், காங்லெ தெருவோரம் நிற்கிறேன்.
இடப்பக்கம் ஒருவன் கோட்டோடு.
வலப்பக்கம் ஒருத்தி குழந்தைக் கவுனோடு.
கண்ணுக்கெட்டியவரை முதலாளிகள் நிற்கிறோம்.
தொழிலாளிகள் நடக்கிறார்கள்.

வேலை கொடுப்பவன் வெயிலில்.
வேலை செய்பவர்கள் நிழலோரமாக வந்து
துணியைப் புரட்டி, உள்தையலை விரித்து,
மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்ப்பதுபோல்
தோள்மூட்டைப் பார்த்து
உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகிறார்கள்.
மூன்று வருடம் முன்பு நானும் நடந்தவன்தான்.
ஆறு மெஷின் தவணையில் வாங்கினேன்,
அன்றிலிருந்து நிற்கிறேன்.

ஷுஜென் வந்தாள். ஹூபெய்க்காரி, என் பக்கத்து மாவட்டம்.
கழுத்தில் கயிறு, கயிற்றில் கத்தரி,
பையில் சொந்த பாபின் கேஸ்.
அடுத்தவர் மெஷினை நம்பலாம்,
பாபினை நம்பக்கூடாது என்பாள்.
"எத்தனை?"
"நூற்றிருபது."
"ஆயிரத்து இருநூறா?"
"நூற்றிருபதுதான். மூன்று நிறம். நாலு அளவு."
சட்டையின் முதுகில் ஆறு மடிப்பு.
விரல் வைத்து எண்ணினாள்,
ஏழாவது எங்காவது ஒளிந்திருக்கிறதா என்பதுபோல்.

"கேட்டுக்கோ. நாலு பேர் தைத்தால் தலைக்கு முப்பது.
முதல் பத்தைக் கண் தைக்கும்.
அடுத்த பத்தைக் கழுத்துவலி தைக்கும்.
கடைசிப் பத்தைத்தான் கை தைக்கும்.
கை தைக்கிற சட்டையில்தான் எனக்குக் காசு.
அப்போது பார்த்து உன் துணி தீர்ந்துவிடும்.
ஒன்பது யுவானுக்கு வேறு ஆளைப் பார்.
பதினொன்று."

பதினொன்று.

கைகுலுக்கும் கட்டடங்கள் என்பார்கள் இங்கே.
எங்கள் ஜன்னலிலிருந்து எதிர் ஜன்னலுக்கு
ஊசி கடன் கொடுக்கலாம்.
நாலாம் மாடியில் வான்ரோங், என் மனைவி,
மேசையில் துணி விரித்தாள்.
இருநூறு அடுக்குக்குப் பழகிய வெட்டு மெஷின்
இருபது அடுக்கில் இருமியது.
பாசிப்பச்சை நாற்பது முடிந்தால் நூலைக் கழற்று,
செங்கல் நிறம் கோர்.
செங்கல் முடிந்தால் கழற்று, சாம்பல் கோர்.
மெஷின் ஓடிய நேரத்தைவிட
ஊசிக் காதைத் தேடிய நேரம் அதிகம்.
நடுவில் எள் விழுது நூடுல்ஸ், நின்றபடியே.

ஏஜென்ட்டின் கணக்கு சுலபம்:
விற்றால் இன்னும் கொஞ்சம், விற்காவிட்டால் மறந்துவிடு.
போன மாதம் பதினெட்டு மாடல் தைத்தோம்.
இரண்டுதான் மறுபடி கதவைத் தட்டின.
மீதிப் பதினாறின் பெயர்கூட
வான்ரோங்கின் நோட்டில் அடித்துக் கிடக்கிறது.

மாலை ஐந்துக்குமேல்
ஷுஜென்னின் மெஷின் சத்தம் மாறியது.
தலையைத் தூக்கினேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
மடிப்பை அவள் பார்க்கவே இல்லை,
எதிர் ஜன்னலில் யாரோ காயப்போட்ட
நீலப் போர்வையைப் பார்த்துக்கொண்டு தைத்தாள்.
ஏழு சட்டை அப்படி.
பிறகு கூடையில் கைவிட்டாள்.
காலி.

நாலாம் நாள் ராத்திரி போன்:
"ஓடுகிறது. இன்னும் நானூறு.
காலர் மட்டும் வட்டமாக."

காலையில் அதே தெரு, அதே கம்பு.
"நானூறு," என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.
"கை பழகின சட்டை. எட்டரைக்கே தைக்கலாம்."
"பழகினது யார் கை?"

காலரின் வளைவில் விரலை ஓட்டினாள்,
ஒருமுறை போய், ஒருமுறை திரும்பி.
"உடம்பு பழசு, தலை புதுசு. பதினொன்றரை."
பக்கத்துக் கோட்டுக்காரன் தன் கம்பை
மெல்ல அவள் பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தான்.
மடிப்பே இல்லாத கோட்டு.

சரி என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு
கட்டடத்தை நோக்கி நடந்தாள்.
வெறும் கம்போடு பின்னால் போனேன்.